பாசிக்காரியைக் கட்டத்துக்குள் கொண்டுவந்த கதை

ஒரு பெண் கடலுக்குள் ஒரு நிமிடம் மூச்சடக்கி முங்கி எழுவதைக் காட்ட, நான்கு நாள் உட்கார்ந்து கோடு இழுக்க வேண்டிய தொழில் காமிக்ஸ். அதையும் சொந்தமாகப் போடுவது என்று இறங்கிவிட்டால் வரைகிறவர், எழுதுகிறவர், அச்சகத்துக்கு ஓடுகிறவர், கடை கடையாகப் பை தூக்குகிறவர், "இதையெல்லாம் யாரு வாங்குவா" என்று கேட்பவருக்குப் பதில் சொல்கிறவர் எல்லாம் ஒரே ஆள்தான். சொந்தமாக ஒன்றைச் செய்து, அதை நாமே சுமந்துகொண்டு விற்கப் போன அத்தனை பேரும் எனக்கு உறவுக்காரர்கள். உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

நான் செல்வி. ஊர் அபிராமம். படிப்பு முடிந்ததும் ராமநாதபுரத்தில் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் டிசைனராகச் சேர்ந்தேன். காதணி விழா, புதுமனை புகுவிழா, கண்ணீர் அஞ்சலி என்று ஒன்பது வருடம் ஓடியது. ஒருநாள் மகள் கல்யாணத்துக்கு பேனர் சொல்ல பஞ்சவர்ணம் அக்கா கடைக்கு வந்தார். மண்டபம் என்கிற ஊருக்கு அந்தப் பக்கம் ஒரு கடலோர ஊர்க்காரர். கடலில் முங்கிப் பாறையில் இருக்கும் பாசியைப் பிடுங்கி விற்பது தொழில். அவர் வந்த நேரம் கரண்ட் போய்விட்டது. அவருடைய விரல் நுனிகள் எல்லாம் வெட்டு வெட்டாக இருப்பதைப் பார்த்து, என்னக்கா இது என்று கேட்டேன். பாறை கிழிப்பது என்றார். அப்படியே இன்னொன்றையும் சொன்னார்.

ஒருநாள் அக்காவோடு சேர்த்து ஐந்து பெண்களும், வள்ளம் ஓட்டி வந்தவரும் தண்ணீருக்குள் பாசி எடுத்துக்கொண்டிருந்தார்கள். நங்கூரக் கயிறு பாறையில் உரசி அறுந்துவிட்டது. ஆளில்லாத வள்ளம் நீரோட்டத்தோடு போக ஆரம்பித்தது. கரை கண்ணுக்கே தெரியாத தூரம். அக்கா அதைத் துரத்தி நீந்திப் பிடித்து, ஏறி, இன்ஜினைப் போட்டுத் திருப்பிக் கொண்டுவந்து எல்லாரையும் ஏற்றியிருக்கிறார். "அன்னைக்கும் ஆளுக்கு ஒரு சாக்குப் பாசி எடுத்துட்டுத்தான் வந்தோம்" என்று முடித்தார். கரண்ட் வந்துவிட்டது. எனக்கு அதன் பிறகு பேனரில் மனம் போகவில்லை. இந்தக் கதையைப் படம் படமாக ஒரு புத்தகமாகப் போட்டே ஆக வேண்டும், பெயர் 'பாசிக்காரி' என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன். போடலாமா என்று அக்காவிடம் கேட்டதற்கு, "போடு, அதுக்கென்ன" என்றார்.

ஐந்து வேட்பாளர்கள்

சின்ன வயதிலிருந்தே நன்றாகப் படம் வரைவேன் என்று பெயர். அந்த நம்பிக்கையில் முதல் எட்டுப் பக்கத்தை வரைந்து சாகுல் அண்ணனிடம் கொண்டுபோனேன். எங்கள் கடைக்கு நோட்டீஸ், பில் புக்கெல்லாம் அடித்துக் கொடுக்கும் சின்ன அச்சகம் அவருடையது. அதிகம் பேச மாட்டார். மெஷினை நிறுத்தி, கையைத் துடைத்துவிட்டு, எட்டுப் பக்கத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

ஃப்ளெக்ஸ் வேலையில் ஒரு விஷயம் உண்டு. பேனரில் வரும் மனிதர்கள் யாரும் திரும்பி நிற்க மாட்டார்கள். எல்லாரும் நேராகப் பார்ப்பார்கள், லேசாகச் சிரிப்பார்கள், பாதிப் பேர் கும்பிட்டுக்கொண்டிருப்பார்கள். ஒன்பது வருடம் அதையே வெட்டி ஒட்டிய கைக்கு வேறு மனிதர்களைத் தெரியவில்லை. அது எனக்குத் தெரியாமல் இருந்தது. சாகுல் அண்ணனுக்கு எட்டாவது பக்கத்தில் தெரிந்துவிட்டது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு சொன்னார்: "கத நல்லாருக்கு தங்கச்சி. ஆனா முழுகப் போற நேரத்துலயும் அஞ்சு பேரும் ஓட்டுக் கேக்குற மாதிரியே இருக்காகளே."

முதுகுப் படிப்பு

அதற்குப் பிறகு இரண்டு மாதம், வேலை முடிந்ததும் பஸ் ஸ்டாண்டில் போய் உட்கார்ந்து முதுகுகளை வரைந்தேன். வெறும் முதுகு. மூட்டை தூக்கும் முதுகு, பஸ்ஸுக்குள் இடம் பிடிக்க ஜன்னல் வழியாகத் துண்டு போடும் முதுகு, கைப்பிள்ளையை இடுப்பில் மாற்றும் முதுகு. மனிதனுக்கு எவ்வளவு அவசரம் என்பது முகத்தில் தெரிவதைவிட முதுகில் நன்றாகத் தெரிகிறது என்று அங்கேதான் படித்தேன். முகம் பொய் சொல்லப் பழகியிருக்கிறது. முதுகுக்கு அந்தப் பழக்கம் இல்லை.

ஒருநாள் வாலிநோக்கம் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்த ஓர் அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். உப்பளத்தில் வேலை பார்ப்பவர் போல, கால் முழுக்க வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. நேராக வந்து நோட்டை எட்டிப் பார்த்தார். நான் ஏதோ அரசாங்கக் கணக்கு எடுக்கிறேன் என்று நினைத்துவிட்டார். இல்லையென்று நான் சொல்லச் சொல்ல அவருக்குச் சந்தேகம் கூடியது. பஸ் வந்ததும் ஏறப் போனவர், படியில் நின்று திரும்பி எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "முதுக எண்ணிட்டுப் போயி என்னத்தா செய்யப் போறீக? மூஞ்சியப் பாத்தா நாங்க ஏதாச்சும் கேட்டுப்புடுவோம்னு பயமா?"

இருபத்திரண்டு பக்கம்

முதுகுகளை எல்லாம் திருத்தி, இருபத்திரண்டு பக்கத்தில் கதையை முடித்துக் கொண்டுபோனேன். சாகுல் அண்ணன் பக்கத்தை எண்ணிவிட்டு ஒரு வெள்ளைத்தாளை எடுத்தார். இரண்டாக மடித்தார். ஒரு தாள், நான்கு பக்கம். இன்னொரு தாளை உள்ளே வைத்தார். எட்டுப் பக்கம். நடுவில் பின் அடிக்கிற புத்தகம் நாலு, எட்டு, பன்னிரண்டு என்றுதான் வளரும், இருபத்திரண்டில் நிற்காது என்று வாயைத் திறக்காமலே சொல்லிக் கொடுத்துவிட்டார். புத்தகம் போட்டவர்களுக்கு இது தெரிந்திருக்கும். போடாதவர்கள் இப்போதே ஒரு தாளை மடித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு பக்கம் காலி. ஒன்றில், பாசி எடுக்கப் போகும் முன் விரல்களில் துணி சுற்றிக் கட்டுவது எப்படி என்று வரைந்து போட்டேன். இன்னொன்றை எங்கள் ஃப்ளெக்ஸ் கடை முதலாளி விளம்பரத்துக்குக் கேட்டார். கேட்டதோடு விடாமல், நடுப்பக்கம்தான் வேண்டும் என்றார். புத்தகத்தை விரித்தால் இடது பக்கத்தில் பாசிக்காரி வள்ளத்தைப் பிடிக்கக் கையை முழுசாக நீட்டிக்கொண்டு வருகிறாள். வலது பக்கத்தில் வள்ளம் இருந்திருக்க வேண்டும். அங்கே கூலிங்கிளாஸ் போட்டு எங்கள் முதலாளி கும்பிட்டுக்கொண்டிருந்தார். முதல் பிரதியைப் பார்த்ததும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முதலாளி அதைப் பார்க்கவில்லை. புத்தகத்தைத் தூரத்தில் பிடித்து ரசித்துவிட்டுச் சொன்னார்: "பாத்தியா செல்வி, அந்தப் பொம்பள என்னையத்தான் காப்பாத்த வருது."

ஊதாக் கடல்

உள்பக்கம் கறுப்பு வெள்ளை. அட்டை மட்டும் கலர். கம்ப்யூட்டரில் ஒரு வாரம் உட்கார்ந்து அந்தக் கடலுக்கு நீலம் போட்டிருந்தேன். பார்த்தால் இறங்கிக் குளிக்கலாம் போல இருக்கும். மாதிரி ஒன்று அடித்துப் பார்த்துவிடலாம் என்று சாகுல் அண்ணன் சொன்னார். நான்தான் பெரிய ஆளாக, ஒன்பது வருட அனுபவம் அண்ணே, நேராக அடியுங்கள் என்றேன். முன்னூறு அட்டையும் வந்து இறங்கியது. கடல் நல்ல ஊதா. திரையில் தெரிவது வெளிச்சம், தாளில் விழுவது மை, அடர்ந்த நீலத்தில் சிவப்பு கொஞ்சம் கூடிவிட்டால் ஊதாவாகத்தான் இறங்கும் என்று அண்ணன் பொறுமையாக விளக்கினார். ஃப்ளெக்ஸ் மெஷினுக்குப் பழகிய என் கண், அச்சு மெஷினைப் பற்றி ஒன்றும் தெரியாமல் தீர்ப்புச் சொல்லியிருந்தது.

திரும்ப அடிக்க வழியில்லை. அதையே கட்டிக்கொண்டு கடைகளுக்குப் போனேன். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பேப்பர் கடை வைத்திருக்கும் பெரியவர் ஒரு பிரதியை வாங்கி, வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஏதோ நல்லதாகச் சொல்லப்போகிறார் என்று நின்றேன். ஐந்து பிரதியை வாங்கி ஓரமாகத் தொங்கவிட்டுவிட்டுச் சொன்னார்: "கத்திரிக்கா விக்கிற வெலைக்கு, இம்புட்டையும் கொண்டுபோயி கடல்ல கொட்டி வச்சிருக்கியேம்மா."

செத்த பிறகு

இதற்கெல்லாம் மேலே ஒரு பயம் இருந்தது. யாருடைய கதையோ அவர்களிடம் இன்னும் காட்டவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை இருபது பிரதியை எடுத்துக்கொண்டு பஞ்சவர்ணம் அக்காவின் ஊருக்குப் போனேன். மணலில் பாசியைக் காயப் போட்டுக் கிளறிக்கொண்டிருந்தார்கள். ஆளுக்கொன்று கொடுத்தேன். எல்லாரும் சுற்றி உட்கார்ந்து படித்தார்கள். ஐந்தாம் பக்கத்தில் ஒருத்தி சிரித்தாள். சிரிக்கிற இடமே இல்லை அது. பிறகு எல்லாரும் சிரித்தார்கள்.

என்ன நடந்தது என்று எனக்குப் புரிய நேரமாயிற்று. அந்தப் பக்கத்தை ஆறு கட்டமாகப் பிரித்திருந்தேன், அடுக்குக்கு இரண்டாக மூன்று அடுக்கு. இடமிருந்து வலமாகப் படித்தால்: வீட்டைவிட்டுக் கிளம்புகிறாள், வள்ளத்தில் ஏறுகிறாள், கயிறு அறுகிறது, நீந்துகிறாள், மூழ்கிவிட்டாள் என்று மற்றவர்கள் அழுகிறார்கள், தலை தெரிகிறது. அவர்கள் யாரும் காமிக்ஸ் படித்துப் பழகியவர்கள் இல்லை. ரேஷன் கார்டு மாதிரி இடது பக்கக் கட்டங்களை மேலிருந்து கீழே படித்துவிட்டு, பிறகு வலது பக்கத்துக்குப் போயிருக்கிறார்கள். கிளம்பினாள், கயிறு அறுந்தது, அழுதார்கள். அதற்கப்புறம் சாக்கை எடுத்துக்கொண்டு வள்ளத்தில் ஏறினாள். நான் காதுவரை சூடாகி நின்றேன். கூட்டத்தில் இருந்த காளியம்மா அக்கா உண்மையாகவே புரியாமல்தான் கேட்டார்: "அழுது முடிச்சாச்சு, எல்லாம் ஆச்சு. செத்த பெறகு எதுக்குத்தா இவ பாசிக்குப் போறா?"

வள்ளத்தில் ஒரு நாள்

பஸ்ஸில் திரும்பி வரும்போது இத்தோடு போதும் என்று முடிவு செய்தேன். அடுத்த வாரம் பஞ்சவர்ணம் அக்கா கடைக்குப் போன் போட்டார். எடுத்த எடுப்பில் "நீ கடலுக்குள்ள வந்துருக்கியா?" என்றார். இல்லை என்றேன். அபிராமத்தில் பிறந்தவளுக்குக் கண்மாய்தான் தெரியும், அதிலும் பாதி வருடம் தண்ணீர் இருக்காது. "வெள்ளிக்கிழம வா" என்று வைத்துவிட்டார்.

போனேன். வள்ளம் கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் வாந்தி. நின்றதும் இன்னும் அதிகம். வள்ளத்தின் விளிம்பில் கழுத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு கிடந்தேன். அதனால் ஒரு லாபம், தண்ணீருக்குள் பார்க்க முடிந்தது. இடது கையால் பாறையைப் பிடித்துக்கொண்டு வலது கையால் பிடுங்குகிறார்கள். இடுப்பில் கட்டிய வலைப்பை மெல்ல ஊதிக்கொண்டே வருகிறது. நான் வரைந்த பெண்கள் தண்ணீரிலிருந்து எழுந்ததும் கண்ணை அகல விரித்து வள்ளத்தைப் பார்ப்பார்கள். இங்கே யாரும் வள்ளத்தைப் பார்க்கவில்லை. தலை மேலே வந்ததும் வாய் திறந்து காற்றை வாங்குகிறது, முங்குகிற கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுகிறார்கள், உடனே தலை திரும்பி மற்ற நாலு தலை எங்கே என்று தேடுகிறது. நாலும் தெரிந்த பிறகுதான் அடுத்த முங்கு. ஒருத்திகூட இதை விடவில்லை. யாரும் யாருக்கும் சொல்லிக்கொள்ளவும் இல்லை. பாசிக்காரி எதற்காக வள்ளத்தின் பின்னால் அவ்வளவு தூரம் நீந்தினாள் என்பது எனக்கு அங்கேதான் தெரிந்தது. அது என் முதல் புத்தகத்தில் எங்கேயும் இல்லை.

அந்தத் திரும்பும் தலைகளை வரைந்தேன். வரைவேன், வாந்தி எடுப்பேன், மறுபடியும் வரைவேன். நோட்டு நனைந்து உப்பிவிட்டது. கரைக்கு வந்து இறங்கும்போது அக்கா தோளைப் பிடித்துக்கொண்டார். நோட்டை வாங்கிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "கொடலு வெளிய வந்தாலும் பென்சில விடல. இனி நீ வரையலாம்."

காளியம்மா அக்காவின் விரல்

முதலிலிருந்து எல்லாவற்றையும் திரும்ப வரைந்தேன். இந்த முறை பக்கத்துக்கு மூன்றே கட்டம், ஒவ்வொன்றும் பக்கத்தின் முழு அகலத்துக்கு. யார் எப்படிப் படித்தாலும் மேலிருந்து கீழேதான் வர முடியும். எந்தப் பேச்சு யாருடையது என்று குழம்பாமல் இருக்க, பேச்சுக்குமிழின் வாலைப் பேசுகிறவரின் வாய்வரை இழுத்தேன். பக்க எண்ணிக்கை நாற்பது, நாலால் வகுபடும். விளம்பரம் இல்லை. கடலும் முறையாக மாதிரி அடித்துப் பார்த்த கடல்.

அச்சுக்குப் போகும் முன் பக்கங்களை எல்லாம் ஜெராக்ஸ் போட்டுக் காளியம்மா அக்காவிடம் கொடுத்தேன். அவருக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. முதல் தடவை, பக்கத்தில் இருந்தவள் சொன்னதைக் கேட்டுத்தான் கேள்வி கேட்டிருந்தார். இப்போது யாரையும் பேச வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அவரை மட்டும் விரலை வைத்துக் கதை சொல்லச் சொன்னேன். விரல் எங்கே நின்றதோ அங்கே என் படம் தோற்றது என்று அர்த்தம். முதல் வாரம் பதினோரு இடத்தில் நின்றது. வீட்டுக்கு வந்து பதினொன்றையும் மாற்றினேன். அடுத்த வாரம் மூன்று. அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை விரல் முதல் பக்கத்தில் கிளம்பி எங்கேயும் நிற்காமல் போனது. அதுவரை 'அவுக' என்று சொல்லிவந்தவர், வள்ளத்தைப் பிடிக்கிற இடத்தில் 'நாங்க' என்று சொல்லி அழுதுவிட்டார். அந்த ஐந்து பேரில் அவரும் ஒருவர் என்று எனக்கு அப்போதுதான் தெரியும். ஏன்க்கா முன்னாலேயே சொல்லவில்லை என்றேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "முன்னாடி நீ போட்டதுல என்னையக் காணோம். இதுலதான் இருக்கேன்."

கோயில் கடைவீதி

ராமேசுவரத்தில் கோயிலுக்குப் போகிற வழியில் சங்கு, பாசிமணி மாலை, தல வரலாறு எல்லாம் விற்கும் ஒரு கடையில் பத்துப் பிரதி கொடுத்தேன். கடைக்காரர் மனமே இல்லாமல் வாங்கி வைத்தார். யாத்திரைக்கு வருகிறவர்கள் பாதிப் பேர் வடக்கே இருந்து வருகிறவர்கள், தமிழ்ப் புத்தகத்தை என்ன செய்வார்கள் என்பது அவர் கேள்வி. பத்தையும் மேஜை ஓரத்தில் அடுக்கிவிட்டு வந்தேன்.

நாலு நாள் கழித்து, திரும்பக் கொடுத்துவிடுவார் என்ற எண்ணத்தோடு போனேன். மேஜையில் ஒன்றுகூட இல்லை. உள்ளே எங்கேயோ தூக்கிப் போட்டுவிட்டார் என்று நினைத்தேன். கடைக்காரர் எனக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டார். வடக்கத்தி அம்மா ஒருவர் மழைக்கு ஒதுங்கியவர், சும்மா கையில் எடுத்துப் புரட்டியிருக்கிறார். நின்றபடியே கடைசிவரை பார்த்துவிட்டு, கூட வந்த கூட்டத்தையே கூப்பிட்டிருக்கிறார். கடைக்காரர் அதை எனக்குச் சொல்லும்போது அவருக்கே இன்னும் நம்பிக்கை வராத மாதிரிதான் இருந்தது: "அந்தம்மாவுக்குத் தமிழ்ல ஒத்த எழுத்துத் தெரியாது. நான் இன்னும் படிக்கல. படத்தக் காட்டிக் காட்டி எனக்கே முழுக் கதையும் சொல்லிட்டுப் போகுது. இன்னும் அம்பது புத்தகம் குடுத்துட்டுப் போங்க."

சென்னை போன்

சென்னையிலிருந்து ஒரு பதிப்பாளர் கூப்பிட்டார். யாரோ ராமேசுவரத்தில் வாங்கிப்போன பிரதி அவர் கைக்குப் போயிருக்கிறது. மரியாதையான மனிதர், நன்றாகவே பேசினார். பக்கத்துக்கு மூன்று அகலக் கட்டம் வைத்தது மிகவும் துணிச்சலான உத்தி என்றார், வெளிநாட்டு ஓவியர்கள் யாரிடமிருந்து அதை எடுத்தேன் என்று கேட்டார். காளியம்மா அக்காவிடமிருந்து என்றேன். அவர் அந்தப் பெயரை எழுதிக்கொண்டது போலத் தெரிந்தது. தமிழ்நாடு முழுக்க அவர்களே கொண்டுபோவதாகச் சொன்னார். நான் தரையில் இல்லை. அப்புறம் இரண்டே இரண்டு திருத்தம் என்றார். 'இங்கன', 'அங்கன', 'வாரேன்' என்று பேசுவதை எல்லாருக்கும் புரிகிற தமிழில் மாற்ற வேண்டும். அட்டையில் பாசிக்காரியை இன்னும் கொஞ்சம் களையாக, நிறமாகக் காட்ட வேண்டும்.

நிறமாக்குவது எனக்கு ஒரு வேலையே இல்லை. ஒன்பது வருடமாக மாவட்டத்தில் பாதிப் பேரை பேனரில் வெளுத்துக் கொடுத்தவள் நான். அதனால்தான் கை வரவில்லை. ஆனால் வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை. இப்படி ஒரு போன் இன்னொரு தடவை வருமா என்று யாருக்குத் தெரியும். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டு, நேராக அச்சகத்துக்குப் போனேன். முன்னால் அடித்தது தீர்ந்துபோன சமயம் அது. எல்லாவற்றையும் கேட்ட சாகுல் அண்ணன், ஓரமாக இருந்த அலமாரியைத் திறந்து காட்டினார். உள்ளே என் புத்தகத்தின் அச்சுத் தகடுகள் தாள் சுற்றி அடுக்கியிருந்தன. சொன்னார்: "அவுங்க மாத்தித்தான் போடுவாகன்னா, நாம மாத்தாமப் போடுவோம். இன்ஷா அல்லா, நாளைக்குக் காலையில மெசினு ஓடும்."

அய்யாவின் வியாபாரம்

அய்யா, அதாவது என் அப்பா, மிளகாய் விவசாயி. நான் புத்தகம் போடுவதை ஊரில் யாரிடமும் சொல்லாமல், "அது ஏதோ பரீட்சைக்குப் படிக்குது" என்றுதான் சொல்லிவந்தார். சாகுல் அண்ணன் புதுப் புத்தகத்தை இரண்டாவது முறை அச்சடித்ததில் ஒரு கட்டை வீட்டில் வைத்திருந்தேன். ஒரு சந்தை நாளில் பார்த்தால் இருபது பிரதியைக் காணோம். அம்மாவைக் கேட்டால், அய்யா மிளகாய் மூட்டையோடு வண்டியில் ஏற்றிப் போனதாகச் சொன்னார். எடைக்குப் போட்டுவிட்டார் என்றே நினைத்தேன்.

மத்தியானம் வெறும் கையோடு வந்தார். கை கால் கழுவிச் சாப்பிட உட்கார்ந்தார். ரசம் ஊற்றும்போதுதான் வாய் திறந்தார். கமிஷன் கடையில் எடை போடக் காத்திருந்த ஆட்களிடம் கொடுத்திருக்கிறார். அத்தனையும் போய்விட்டதாம், ரெண்டு பேர் அடுத்த சந்தைக்குக் கேட்டிருக்கிறார்களாம். எப்படி அய்யா விற்றீர்கள் என்றேன். சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "மாதிரிக்கு ஒரு கை மிளகா குடுப்போம்ல, அது மாதிரி பாதி வரைக்கும் பாக்கவிட்டேன். வள்ளம் போற எடத்துல புடுங்கிக்கிட்டேன். பெறகு வாங்காம எங்க போவாக?"

கையெழுத்து

மூன்றாவது முறை அச்சடித்த சமயத்தில் ராமநாதபுரத்தில் புத்தகக் கண்காட்சி போட்டார்கள். எனக்கும் ஓரத்தில் ஒரு மேஜை கிடைத்தது. ஃப்ளெக்ஸ் கடைக்கு அப்போது வாரத்தில் மூன்று நாள்தான் போய்க்கொண்டிருந்தேன், மற்ற நாளெல்லாம் அடுத்த புத்தகத்துக்கு. கடல் கொந்தளிப்பாக இருந்த ஒரு சனிக்கிழமை, தொழிலுக்குப் போக முடியாததால் ஐந்து பேரும் ஒரே ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். நல்ல சேலை, தலை நிறையப் பூ. என் மேஜைக்குப் பின்னால் நாற்காலி போட்டு வரிசையாக உட்காரவைத்தேன். கொஞ்ச நேரத்தில் பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒருத்தி அட்டையைப் பார்த்தாள், பஞ்சவர்ணம் அக்காவைப் பார்த்தாள், திரும்ப அட்டையைப் பார்த்தாள். அவ்வளவுதான். அந்தச் செய்தி அரங்கம் முழுக்கப் போய்விட்டது.

கூட்டம் மேஜையைச் சுற்றி வளைந்து நின்றது. எல்லாருக்கும் கையெழுத்து வேண்டும். நான் பேனாவைத் திறந்தேன். புத்தகத்தை என்னைத் தாண்டி நீட்டினார்கள். பஞ்சவர்ணம் அக்கா ஒவ்வோர் எழுத்தாக, பாறையில் பிடித்துப் பிடித்து ஏறுவது மாதிரி, தன் பெயரை எழுதினார். காளியம்மா அக்கா மை தொட்டுப் பெருவிரலை வைத்தார். அதற்குத்தான் கூட்டம் அதிகம். மற்ற மூன்று பேரும் பக்கத்தைப் புரட்டி, "இந்தா, இது நானு" என்று காட்டிக்கொண்டிருந்தார்கள். நான் பணத்தை வாங்கிப் பையில் போடுகிற ஆளாக ஓரத்தில் நின்றேன். சத்தியமாகச் சொல்கிறேன், என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் ஓரத்தில் நின்றதே இல்லை.

சாயங்காலம் வயதான வாத்தியார் ஒருவர் வந்தார். புத்தகத்தை நின்று நிதானமாகப் படித்து முடித்து, மேஜைக்கு வந்து, பஞ்சவர்ணம் அக்காவைப் பார்த்துக் கைகூப்பினார். இதைச் செய்தது நீங்கள்தானா என்று கேட்டார். நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அக்கா என் பக்கம் கையைக் காட்டிவிட்டு, ஒரு சிரிப்பும் இல்லாமல் சொன்னார்: "செஞ்சது நானுங்க. நான் செஞ்சது நெசந்தான்னு நம்ப வச்சது இந்தப் புள்ள."

இப்போது மூன்றாவது முறை அச்சடித்ததும் தீர்ந்து, எழுதி வரைந்தவளான எனக்கே ஒரு பிரதி மிஞ்சவில்லை என்பதால், உங்களில் யாராவது வைத்திருந்தால் இரண்டு நாள் இரவல் கொடுங்கள், அட்டை மடங்காமல் திருப்பித் தந்துவிடுகிறேன்.